மூன்று முள்ளும் ஒன்றாகப் படுத்தால்

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகர்: "தினமும் பினாங்குப் பாலம் கடந்து பாயான் லெப்பாஸுக்கு வேலைக்குப் போகிறேன். காடிக்கு (காருக்கு) பன்னிரண்டு வயது. மூன்று வாரமாக வேகம், பெட்ரோல், சூடு காட்டும் முள்கள் திடீரென ஒன்றாகப் படுத்துவிடுகின்றன. குழியில் இறங்கி ஏறினால் எழுந்துகொள்கின்றன. இஞ்சினுக்கு ஒன்றும் இல்லை. போமன் (மெக்கானிக்) இந்த முள்கள் எல்லாம் இருக்கும் மீட்டரையே மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா? அப்புறம், சில நாள் ரிவர்ஸ் லைட்டும் எரிவதில்லை. போன மாதம் டேஷ்கேம் போட்டேன், அதனாலா?"

இப்போதைக்கு மாற்றாதீர்கள். போகிற போக்கில் கடைசியில் சொன்னீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது.

பெட்ரோல் முள் மட்டும் படுத்தால் டேங்கிலுள்ள மிதவையைப் பார்க்கலாம். வேக முள் மட்டும் என்றால் கியர்பாக்ஸ் பக்கத்து சென்சர். பழைய புரோட்டான் ஈஸ்வராவாக இருந்தால் கேபிள். மூன்று சென்சரும் ஒரே நொடியில் கெடுவதில்லை. மீட்டருக்கு வரும் கரண்டோ, எர்த்தோ (கரண்டு காடியின் பாடி வழியாகத் திரும்பும் இணைப்பு), மீட்டர் போர்டோதான் விட்டு விட்டு அறுபட வேண்டும். ஆனால் ரிவர்ஸ் லைட் மீட்டருக்குள் இல்லை, அதன் எர்த்தும் பின்பக்கம். பல காடிகளில் இந்த இரண்டுக்கும் ஒரே ஃபியூஸ்தான். ஆக, என் சந்தேகம் கரண்டு வரும் வழியில்.

ஃபியூஸ் எரிந்திருக்குமா? எரிந்த ஃபியூஸ் குழியில் குலுங்கினால் உயிர் பெறாது. டேஷ்கேம் போடுகிறவர்கள் ஃபியூஸை எடுத்துவிட்டு அங்கே ஃபியூஸ் டேப் என்ற கிளை இணைப்பைச் செருகி வயர் இழுப்பார்கள். சிலர் வயரையே ஃபியூஸ் காலில் சுற்றி அழுத்திவிடுவார்கள். (இதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும்.) ஃபியூஸ் காலைக் கவ்வும் உலோகப் பிடி அகன்றுபோகும், ஃபியூஸ் ஆடும், குலுங்கும்போது தொட்டும் தொடாமலும் இருக்கும்.

ஃபியூஸ் பெட்டியின் மூடியில் மீட்டர் அல்லது கேஜ் என்று குறித்திருக்கும் ஃபியூஸைத் தேடுங்கள். சாவியை ஆன் நிலையில் வைத்து, டெஸ்ட் லேம்பின் (கரண்டு இருந்தால் எரியும் சோதனை விளக்கின்) கிளிப்பைப் பெயின்ட் இல்லாத போல்ட்டில் மாட்டி, ஃபியூஸ் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளையும் தொடுங்கள். இரண்டிலும் எரிந்தால் ஃபியூஸ் நலம். இப்போது அதை விரலால் மெல்ல ஆட்டுங்கள். முள் துள்ளினால் திருடன் அகப்பட்டான். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிய பிறகு பிடியை இறுக்கலாம். பிளாஸ்டிக் கருகியிருந்தால் வயர்மேனிடம் கொடுத்து டெர்மினலை மாற்றுங்கள். 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 20 போடவே கூடாது. ஃபியூஸ் பிழைக்கும், வயர் எரியும்.

அங்கே ஒன்றும் இல்லையென்றால் மீட்டர் பின்னாலுள்ள கனெக்டரையும், டேஷ்போர்டுக்குக் கீழே எர்த் போல்ட்டில் துரு இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். இஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வந்தால் பொதுவாக பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. மீட்டருக்குக் கரண்டு போனால் சூடு காட்டும் சிவப்பு விளக்கும் எரியாது. 13.5 கிலோமீட்டர் பாலத்தில், காலை ஜாமில், இஞ்சின் கொதிப்பது தெரியாமலே ஓட்டுவீர்கள். சரிசெய்யும்வரை தினமும் காலையில், இஞ்சின் ஆறியிருக்கும்போது, கூலன்ட் அளவைப் பாருங்கள். வழியில் ஏர்கான் திடீரெனச் சூடான காற்றைத் தள்ளினால் பாலத்தில் ஏறாதீர்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் முள் படுத்தால்தான் மீட்டரைக் கழற்ற வேண்டும். அப்போதும் போர்டில் விட்டுப்போன சோல்டரை மறுபடி வைக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால், கழற்றுவதற்கு முன் பழைய மைலேஜைப் படம் எடுத்து பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். காடியை விற்கும்போது வாங்குபவர் கேட்பார்.