லோட்கா விதி: எதிர்பார்ப்பு நிரலில் 480 பேர் எங்கே போனார்கள்?

k கட்டுரைகள் எழுதிய ஆசிரியர்களின் பங்கு C/kⁿ என்பது லோட்கா விதி. 2,500 ஆசிரியர்கள் கொண்ட உங்கள் அட்டவணையில், இந்த விதிப்படி எதிர்பார்க்கும் எண்ணிக்கைகளைக் கூட்டினால் 480 பேர் குறைவது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அடுக்கு n-ஐ 2.5 என்று மாற்றிய நீங்கள், மாறிலி C-ஐ 0.6079 என்றே விட்டுவிட்டீர்கள். அந்த எண் n = 2 ஆக இருந்தால் மட்டும் பொருந்தும் (6/π²). 2.5க்கு C = 0.745. அதாவது 2,500 பேரில் ஒரே கட்டுரையோடு நிற்பவர்கள் 1,520 அல்ல, ஏறக்குறைய 1,864 பேர்.

பொதுவாக C = 1/ζ(n); ζ(n) என்பது 1 + 1/2ⁿ + 1/3ⁿ + … என்று முடிவின்றி நீளும் கூட்டல். பாடக்குறிப்புகள் பலவும் 'ஒரே கட்டுரை எழுதியவர்கள் 60 சதவீதம்' என்பதை மாறா விதிபோல எழுதிவைப்பதால் வரும் குழப்பம் இது. 1926இல் இவ்விதியை முன்வைத்த லோட்காவே வேதியியல் தரவுக்கு 1.888 என்ற அடுக்கைத்தான் பெற்றார்.

சரிபார்க்க:

1. புதிய C-ஐப் போட்டு எதிர்பார்ப்பு நிரலைக் கூட்டுங்கள். உங்கள் அட்டவணை 14 கட்டுரைகளோடு முடிவதால் 20, 25 பேர் குறையலாம்; அதற்குமேல் குறைந்தால் வேறு பிழை.

2. தரவு விதியோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் கோல்மோகோரோவ்–ஸ்மிர்னோவ் சோதனையில், உண்மைத் தரவுக்கும் எதிர்பார்ப்புக்கும் உரிய திரள் விகிதங்களின் (வரிசையாகக் கூட்டிக்கொண்டே வரும் பங்குகளின்) மிகப்பெரிய வேறுபாடு 1.63/√2500 = 0.0326ஐத் தாண்டக்கூடாது (1% நிலை).

தேறினாலும் பெரிதாகக் கொண்டாட வேண்டாம். n-ஐ அதே தரவிலிருந்தே கணித்ததால் இந்த வரம்பு கொஞ்சம் தாராளமானது. மடக்கை வரைபடத்தில் கோடு பொருத்தி n எடுத்திருந்தால், ஓரிருவர் மட்டுமே உள்ள வால் வரிசைகள் (அதிகக் கட்டுரைகளுக்கான கடைசி வரிசைகள்) சாய்வை இழுத்திருக்கும். அதிகபட்ச நிகழ்தகவு முறையில் (maximum likelihood: கிடைத்த தரவு வருவதற்கான வாய்ப்பை மிக அதிகமாக்கும் n-ஐத் தேர்வது) மீண்டும் கணியுங்கள்.

இன்னொன்று: தலைப்பெழுத்து முன்னும் பின்னுமாக இருந்தால் ஒரே ஆசிரியர் இருவராகி, ஒற்றைக் கட்டுரைக்காரர் எண்ணிக்கை ஊதிவிடும். பெயர்களைச் சீராக்காமல் n-ஐ நம்பாதீர்கள்.