கடிக்குதெண்டு குளிசையை நிப்பாட்டாதேங்கோ

புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா. மனிசனுக்கு 41 வயசு, எச்.ஐ.வி எண்டு பிடிபட்டு மூண்டு மாசமா குளிசை போடுறார். இப்ப கையிலயும் காலிலயும் சின்னச் சின்னக் குருவா எழும்பி இரவில நித்திரையில்லாமல் சொறியிறாராம், சொறிஞ்ச இடமெல்லாம் கறுத்துப்போச்சாம். பாமசியில குடுத்த கிறீம் ரெண்டு ரியூப் முடிஞ்சுது. "குளிசைதான் ஒத்துக்கொள்ளேல்லையோ, நிப்பாட்டட்டோ டொக்டர்? ஒராள் 65 ஆயிரத்துக்கு வேர்மருந்து தாறன், அடியோட மாறும் எண்டு சொல்லுறார்" எண்டு கேக்கிறா.

நிப்பாட்டவேண்டாம் தங்கச்சி. மிச்சக் கதை பேந்து.

நீங்கள் எழுதினதைப் பாக்க, எதிர்ப்புசக்தி நல்லா விழுந்த ஆக்களுக்கு வாற கடிக்குரு மாதிரித்தான் கிடக்கு. சீ.டி.4 எண்டு ரத்தத்தில பாக்கிற கணக்கு 200க்குக் கீழ போனவைக்குத்தான் இது கூட. கை காலில நிறைய வரும், உள்ளங்கை உள்ளங்காலில பொதுவா வராது. உகண்டாவில இப்பிடிக் குரு வந்த ஆக்களின்ர தோலில துண்டெடுத்துப் பாத்து 2004 இல எழுதினவை, அதில பெரும்பாலானதில பூச்சிக்கடி அடையாளம்தான் இருந்தது. நுளம்பு உங்களையும்தான் குத்துது, ஆனா உங்களுக்குக் கொஞ்ச நேரத்தில அமர்ந்துபோற தடிப்பு அவருக்கு நாள்க்கணக்கா நிண்டு கடிக்குது. அதால பின்னேரம் குளத்துக்கட்டால வாறவர் எண்டால் நீளக்கால்சட்டையும் நீளக்கைச் சேட்டும் போடட்டும், இரவில மருந்தடிச்ச வலைக்குள்ள படுக்கட்டும். டெற்றோல் ஊத்திக் குளிக்கிறதை விடச்சொல்லுங்கோ, தோல் காய்ஞ்சு கடி கூடும், குளிச்ச ஈரத்தோட தேங்காயெண்ணெய் பூசினால் காணும்.

உண்மையில இந்தக் கடியைச் சுகமாக்கப்போறது அவர் இப்ப போடுற அதே குளிசைதான். ஆனா மாசக்கணக்கில எடுக்கும், போதாக்குறைக்கு எதிர்ப்புசக்தி திரும்பி எழும்புற முதல் கொஞ்ச மாசத்தில தோல் முந்தியை விட மோசமா வாறதும் இருக்கு. அந்த இடத்திலதான் சனம் பயந்து விடுறது, வேர்மருந்துக்காரரும் கணக்கா அந்த நேரத்திலதான் வாசலுக்கு வருவினம்! எச்.ஐ.வியை அடியோட மாத்திற வேர் ஒண்டும் கிடையாது. குளிசையை விட்டால் வைரஸ் திரும்பி எழும்பும். 65 ஆயிரம் வாங்கினவர் அப்ப போனைத் தூக்கமாட்டார்.

பாமசிக் கிறீம் கதை அதைவிட எரிச்சல். ஸ்ரீரோயிட், பங்கஸ் மருந்து, அன்ரிபயோட்டிக் மூண்டையும் ஒரு ரியூப்பில அடைச்சு விக்கிறாங்கள், பூசினோடன கடி அமரும், கீழ பங்கஸ் இருந்தால் அது முகம் மாறி உள்ளுக்கு வளரும், பிறகு எங்களுக்கே என்னெண்டு பிடிபடாது. தனியாரிட்ட சனல் பண்ணி "கடிக்கு ஒரு ஊசி" போடுறதும் அப்பிடித்தான். ரிற்றோனாவிர் எண்ட எச்.ஐ.வி மருந்து எடுக்கிற ஆளுக்குச் சில ஸ்ரீரோயிட் ஊசி உடம்பில தேங்கி முகம் வீங்கிச் சீனியும் ஏறும், ஊசி போடுறவர் என்ன குளிசை எண்டு கேக்கிறதில்லை, இவரும் வெக்கத்தில சொல்லுறதில்லை.

குளிசையால தோல் கெடாதோ எண்டால், கெடும். ஒரேயொரு இடத்தில நான் வேற மாதிரிச் சொல்லுவன், வடிவாக் கேளுங்கோ. குருவோட காய்ச்சல், வாயுக்குள்ள புண், கண் சிவப்பு, தோல் நோகிறது அல்லது உரியிறது, இதில ஒண்டு வந்தாலும் கிளினிக் நாள் வரட்டும் எண்டு இருக்காமல் அண்டைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போகவேணும். நெவிரப்பின் எண்ட எச்.ஐ.வி குளிசையும் செப்ரின் எண்ட அன்ரிபயோட்டிக்கும் இந்த வேலை காட்டும், பெரும்பாலும் தொடங்கின முதல் ஆறு கிழமைக்குள்ள. அபகாவிர் எண்ட எச்.ஐ.வி குளிசை எண்டால் இன்னும் கவனம், அது ஒத்துக்கொள்ளேல்ல எண்டு டொக்டர்மார் நிப்பாட்டினால் பிறகு வாழ்நாளில அந்தக் குளிசையில ஒண்டுகூடத் தொடப்படாது. வீட்டில மிஞ்சின போத்தலில இருந்து "ஒண்டு போட்டுப் பாப்பம்" எண்டு போட்டால் பிரஷர் விழுந்து உயிரே போகும். அதால நிப்பாட்டுறதும் திரும்பத் தொடங்குறதும் வீட்டில எடுக்கிற முடிவில்லை.

அலைச்சல் எனக்குத் தெரியாததில்லை. காலமை பஸ்ஸில வந்து தோல் கிளினிக்கில நிண்டால் "இது எஸ்.ரி.டி (பாலியல் நோய்க் கிளினிக்) ஆள்" எண்டு அனுப்புவினம், அங்க போனால் "இது தோல் விசயம்" எண்டு திருப்பி அனுப்புவினம். ஒரு ஆளை மூண்டுதரம் அப்பிடித் திருப்பினதை நானே பாத்திருக்கிறன், ரெண்டு அறைக்கும் இடையில ஒரு நடைபாதைதான். எஸ்.ரி.டி கிளினிக்குக்குக் கடிதம் தேவையில்லை, காசுமில்லை, ஊர்ச்சனம் காணும் எண்டு பயமெண்டால் வேற மாவட்டத்துக் கிளினிக்குக்கும் போகலாம். நீங்களும் ரத்தம் பாத்திருப்பியள் எண்டு நினைக்கிறன், இல்லாட்டி அவரோட கிளினிக்குக்குப் போற அண்டைக்கே பாருங்கோ. உங்களுக்கும் விரலிடுக்கில கடிக்குதோ எண்டும் சொல்லுங்கோ, அப்பிடியெண்டால் அது சிரங்காயிருக்கலாம், சிரங்கெண்டால் வீட்டில எல்லாருக்கும் மருந்து பூசவேணும்.

போகேக்க குளிசைப் போத்தலையும் முடிஞ்ச ரெண்டு ரியூப்பையும் பையில போடுங்கோ, எறிஞ்சிருந்தால் குப்பைக்குள்ள தேடியெண்டாலும் எடுங்கோ.