விசா கிடைத்தால் என்ன மாறும்?

கேள்வி: தம்பி பாரிஸில் விசா இல்லாமல் 5 வருடமாக உணவகத்தில் வேலை செய்கிறான். இப்படிப்பட்டவர்களுக்கு விசா கொடுத்தால் உள்ளூராரின் வேலை பறிபோகும் என்கிறார்களே, உண்மையா? அவன் எப்படி விண்ணப்பிப்பது?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: ஸ்பெயின் 2005இல் விசா இல்லாமல் வேலை செய்த 5 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு அனுமதி கொடுத்தது. முதலாளி 6 மாத ஒப்பந்தம் காட்ட வேண்டியிருந்தது, சமூகப் பாதுகாப்புக் கட்டணமும் கட்ட வேண்டியிருந்தது. ஒளித்து நடந்த வேலை கணக்குக்கு வந்தது, அரசின் வருமானம் கூடியது. பாதிப்பே இல்லை என்று சொல்லமாட்டோம்: மலிவாக ஆள் பிடித்த சில முதலாளிகள் வேலையைக் குறைத்தார்கள். ஆனால் விசா உள்ளவர் சம்பளம் கேட்டு வாதாடலாம், இடம் மாறலாம். அதுதான் பெரிய மாற்றம்.

பிரான்சில் 2024 ஜனவரிச் சட்டப்படி, ஆள் பற்றாக்குறைத் தொழிலில் இருப்பவர் முதலாளியின் கையெழுத்து இல்லாமலே விசா கேட்கலாம். 3 வருட வதிவிடமும், கடைசி 24 மாதத்தில் 12 மாதச் சம்பளத் துண்டும் வேண்டும். தொழில் பட்டியல் மாகாணத்துக்கு மாகாணம் வேறு. முதலில் அதைப் பாருங்கள். இந்த வழி 2026 முடிவு வரைதான்.

சிக்கல் பெரும்பாலும் பெயரில்தான். வேறொருவரின் கார்ட்டைக் (வதிவிட அட்டையைக்) காட்டி வேலை செய்திருந்தால் சம்பளத் துண்டும் அவர் பெயரில் இருக்கும்; அந்தப் பெயரில் வேலை செய்தது உங்கள் தம்பிதான் என்று முதலாளி கடிதம் தரவேண்டும். பிறப்புச் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் தகப்பன் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். சான்றிதழ் 2009 போரில் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் புதுப் பிரதி எடுத்து இப்போதே அனுப்புங்கள்.