காகிதம் வரட்டும்

அன்புள்ள ஐயா,

2025 மே மாதம் பாகிஸ்தானோடு சண்டை நடந்த அந்த நாலு நாளில் எனக்கும் அப்பாவுக்கும் பேச்சு முறிந்தது. அப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். கராச்சித் துறைமுகத்தை நம் கடற்படை தரைமட்டமாக்கிவிட்டது என்று டிவியைப் பார்த்துத் துள்ளினார். எல்லாம் மோடிக்காகக் கட்டிய கதை, விழுந்தது நம் விமானங்கள்தான் என்றேன். ‘தேசத்துரோகி’ என்றார். இன்றும் சாப்பாட்டுத் தட்டோடு அறைக்குள் போய்விடுகிறார். சண்டையை நிறுத்தியது டிரம்பா இல்லையா? யாரை நம்புவது, எந்தச் சேனலைப் பார்ப்பது?

க., கோவை

அன்புள்ள தம்பி,

கராச்சி விஷயத்தில் அப்பா ஏமாந்தார். அப்படி ஒன்று நடக்கவேயில்லை. விமானங்கள் பற்றி நீங்கள் சொன்னதில் உண்மை உண்டு. இழப்பு இருந்ததை முப்படைத் தலைமைத் தளபதி அனில் சவுகானே மே 31 அன்று சிங்கப்பூரில் ஒப்புக்கொண்டார். எத்தனை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் வாய் திறப்பதற்கு மூன்று வாரம் முன்பே உங்களுக்கு எப்படித் தெரியும்? அப்பாவைப் போலவே நீங்களும் யாரோ அனுப்பியதை நம்பினீர்கள். விமானம் விழுந்தால் அதற்குள் ஒரு பையன் இருந்திருப்பான். அவன் பிழைத்தானா என்று ஒரு வார்த்தை உங்கள் கடிதத்தில் இல்லை. அப்பாவை மடக்க ஒரு பாயிண்ட் கிடைத்தது, அவ்வளவுதான். எனக்கு அது வலித்தது, தம்பி.

டிரம்ப் கதையை விடுங்கள். அதைப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

1971 டிசம்பரில், வங்கதேசப் போர் நடந்தபோது, எனக்கு ஒன்பது வயது. சாத்தூர் பக்கம் எங்கள் தெருவில் ஒரே ரேடியோ எங்கள் வீட்டு மர்ஃபி. அப்பா தி.மு.க., அந்த வருடத் தேர்தலில் இந்திரா காந்தியோடு கூட்டணி. எதிர்வீட்டுப் பெரியப்பா காமராஜர் கட்சி. இந்திரா பெயரைக் கேட்டாலே துண்டை உதறி எழுந்துவிடுவார். டீக்கடையில் இருவரும் போடாத சண்டையில்லை. ஆனால் டெல்லித் தமிழ்ச் செய்தி நேரத்துக்குப் பெரியப்பா எங்கள் திண்ணைக்கு வந்துவிடுவார். அவர் மூத்த மகன் பட்டாளத்தில் இருந்தான். ‘56 ஏ.பி.ஓ.’ என்ற ராணுவத் தபால் முகவரியைத் தவிர அவன் இருக்கிற இடம் யாருக்கும் தெரியாது.

டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த செய்தி வந்தபோது தெருவே கூச்சலிட்டது. நானும் கை தட்டினேன். அப்பா என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தார். ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். “பெரியப்பாவுக்குக் காகிதம் வரட்டும்டா.”

பதினோராம் நாள் இன்லண்ட் கடிதம் வந்தது. மகன் உயிரோடு இருந்தான். ஆனால் எழுத்து அவனுடையதல்ல, வேறு யாரோ எழுதியது. வலது கை போயிருந்தது.

அந்த ரேடியோவும் அரசாங்கத்தின் குரல்தான். அது எல்லாவற்றையும் சொன்னதில்லை. ஆனால் எங்கள் திண்ணையில் இரண்டு கட்சிக்காரர்கள் பதினோரு நாள் வாயைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். 2025 மே மாதம் காத்திருந்தவர்கள் யார்? விவாதம் ஒவ்வொன்றுக்கும் அடியில் சைரனை ஓடவிட்டார்கள். நிஜமாகவே சைரன் ஊதும்போது மக்கள் அலட்சியமாக இருந்துவிடுவார்கள், அதைப் போடாதீர்கள் என்று உள்துறை அமைச்சகத்தின் குடிமைப் பாதுகாப்புப் பிரிவே சேனல்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

ஜம்மு காஷ்மீரின் எல்லையோர ஊரான பூஞ்சில் மே 7 அன்று பாகிஸ்தான் சுட்ட குண்டுகளில் ஒரு மதரஸா ஆசிரியர் இறந்தார். நம் நாட்டுக்காரர், நம் மண்ணில், எதிரியின் குண்டுக்குப் பலியானவர். சில சேனல்கள் தாடியும் தொப்பியுமாக இருந்த அவர் படத்தைப் போட்டு, ‘இந்தியா ஒழித்த பயங்கரவாதி’ என்றன. பூஞ்ச் காவல்துறைக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். காவல்துறை மறுத்து அறிக்கை விட்டது, பின்னால் பூஞ்ச் நீதிமன்றம் வழக்குப் பதியச் சொன்னது. ஆனால் வீட்டில் பிணத்தை வைத்துக்கொண்டு அந்தக் குடும்பம் டிவியில் அதைப் பார்த்திருக்கும். அப்பா துள்ளினாரே, அதே சேனல்கள் ஓடிய அதே வாரம். நீங்களும் அந்த வாரம் அந்த மதரஸா ஆசிரியரைப் பற்றி எங்கும் பேசியிருக்க மாட்டீர்கள்.

சேனல் கேட்டீர்கள். எதுவாக இருந்தாலும் இரண்டு நாள் கழித்துப் பாருங்கள்.

அப்பாவிடம் மோடியைப் பற்றிப் பேச வேண்டாம். அந்த பூஞ்ச் வாத்தியாரைப் பற்றிச் சொல்லுங்கள். அப்பா வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர், இன்னொரு வாத்தியாரின் சாவு அவருக்குப் புரியும். இன்றைக்கு ராத்திரி உங்கள் தட்டை எடுத்துக்கொண்டு அவர் அறைக்கு நீங்கள் போங்கள்.