குடத்தை வைத்துவிட்டுப் போனவள்: ஜீவத்தண்ணீர் பற்றிச் சில கேள்விகள்

வடசென்னையில் ஞாயிறு பள்ளி, வேதபாட வகுப்பு என்று முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டியவன் நான். இறையியல் பட்டமெல்லாம் கிடையாது. வேதாகமத்தில் வருகிற தண்ணீரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று வாய்விட்டுவிட்டேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கொடுங்கையூர் சகோதரி ஒருவர்: ஐயா, சமாரியப் பெண் வெட்கப்பட்டுத்தான் உச்சி வெயிலில் கிணற்றுக்கு வந்தாள் என்று எல்லா ஊழியரும் பிரசங்கிக்கிறார்கள். 2019 தண்ணீர்ப் பஞ்சத்தில் நாங்கள் தண்ணீர் லாரிக்காக நேரங்காலம் இல்லாமல் குடத்தோடு நின்றோம். வெட்கப்பட்டா நின்றோம்?

நல்லாக் கேட்டீர்கள் அம்மா. கதை தெரியாதவர்களுக்கு: கிணற்றடியில் உட்கார்ந்திருந்த இயேசு, தண்ணீர் மொள்ள வந்த ஒரு சமாரியப் பெண்ணிடம் குடிக்கக் கேட்டு, பிறகு தாமே அவளுக்கு ஜீவத்தண்ணீர் தருவதாகச் சொல்கிறார்; யோவான் சுவிசேஷம் 4-ஆம் அதிகாரம். யோவான் 4-இல் "ஏறக்குறைய ஆறாம்மணி வேளை" என்று மட்டும்தான் இருக்கிறது. நம் கணக்கில் பகல் பன்னிரண்டு. ஏன் அந்த நேரத்தில் வந்தாள் என்று எழுதியிருக்கவில்லை. வெட்கம் என்பது பிரசங்கியார்களின் ஊகம். எனக்கென்னவோ, முந்தின அதிகாரத்தில் நிக்கொதேமு என்ற யூதப் போதகர் இராத்திரியில் இயேசுவிடம் வந்ததற்கு எதிராகத்தான் யோவான் இந்தப் பட்டப்பகலை வைத்திருக்கிறார் என்று தோன்றுகிறது. மதிப்பான போதகர் இருட்டில் வந்து குழம்பிப் போகிறார். பேர் தெரியாத ஒரு பெண் வெளிச்சத்தில் நின்று கேள்வி மேல் கேள்வி கேட்கிறாள்.

அந்தக் கிணறு இன்றும் நாப்லுஸ் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிரேக்க ஆர்த்தடாக்ஸ் ஆலயத்துக்குள் இருக்கிறது. ஆழம் ஏறக்குறைய 40 மீட்டர், அதாவது 130 அடிக் கயிறு. "மொண்டுகொள்ள உம்மிடத்தில் பாத்திரம் இல்லையே, கிணறும் ஆழமாயிருக்கிறதே" என்று அவள் கேட்டது அசட்டுக் கேள்வியா? தினமும் இழுக்கிறவள் கேட்கிற கேள்வி அது.

இயேசு சொன்ன "ஜீவத்தண்ணீர்" அவள் காதுக்குச் சாதாரண வார்த்தைதான். எபிரேயத்தில் மாயிம் ஹயிம் என்றால், தேங்கி நிற்காமல் ஊற்றிலிருந்து சுரந்து ஓடுகிற நீர். கத்தோலிக்கர் வாசிக்கிற பொது மொழிபெயர்ப்பில் அதுவே "வாழ்வு தரும் தண்ணீர்" என்று இருக்கும். இங்கே எங்கோ நல்ல ஊற்று இருக்கிறது போல என்றுதான் அவள் முதலில் எடுத்துக்கொள்கிறாள். அப்புறம், இனி இங்கே மொண்டுகொள்ள வராமல் இருக்க எனக்கு அதைத் தாரும் என்கிறாள். வகுப்பில் இந்த இடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள், அவளுக்குப் புரியவில்லையாம். இடுப்பில் குடம் சுமந்தவர் யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை.

இயேசு அவள் தாகத்தை மட்டம் தட்டவில்லை. அந்தத் தாகத்திலிருந்தே பேச்சை எடுத்துக்கொண்டு, "அவனுக்குள்ளே நித்திய ஜீவகாலமாய் ஊறுகிற நீரூற்று" என்று முடிக்கிறார். அந்த "ஊறுகிற" என்ற சொல்லைக் கவனியுங்கள். வெளியிலிருந்து ஊற்றி நிரப்பி வைக்கிற குடமாக மனிதனை அவர் பார்க்கவில்லை. கடைசியில் அவள் ஊருக்குள் ஓடும்போது குடத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள் என்று 28-ஆம் வசனம் சொல்கிறது.

பழைய வண்ணாரப்பேட்டை, பெயர் போடவில்லை: ஜீவத்தண்ணீர் என்றால் பரிசுத்த ஆவி என்கிறார்களே, அது எங்கே இருக்கிறது?

யோவான் 7:39. ஆனால் அதற்கு முன்னால் நடந்ததையும் சேர்த்து வாசியுங்கள். அது யூதர்களின் கூடாரப்பண்டிகை. ஏழு நாளும் ஆசாரியர் சீலோவாம் குளத்தில் பொன் குடத்தால் நீர் மொண்டு வந்து பலிபீடத்தில் ஊற்றுவார்கள். அந்தத் தேசத்துக்கு மழை தொடங்குகிற பருவம் அதை ஒட்டித்தான் வரும், நமக்கு ஐப்பசி மழை வருகிற மாதிரி. மழைக்காக ஜனங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம். அந்தப் பண்டிகையின் கடைசி நாளில் இயேசு நின்று, "ஒருவன் தாகமாயிருந்தால் என்னிடத்தில் வந்து, பானம்பண்ணக்கடவன்" என்று சத்தமிடுகிறார். அக்டோபரில் புழல் ஏரி மட்டத்தைப் பேப்பரில் தேடுகிற ஊர்க்காரர்களுக்கு அந்தச் சத்தம் எப்படிக் கேட்டிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

காசிமேட்டு மீனவத் தம்பி ஒருவர்: அண்ணே, வெளிப்படுத்தின விசேஷம் 21-இல் "சமுத்திரமும் இல்லாமற்போயிற்று" என்று வருகிறது. கடல் இல்லாத பரலோகத்தில் நாங்கள் என்ன செய்வது?

இதை என்னிடம் கேட்காத காசிமேட்டுக்காரர் கிடையாது தம்பி. எபிரேயர் கடலாடிகள் இல்லை. அவர்களுக்குக் கடல் என்றால் பயம், குழப்பம், அடங்காத வலிமை. அதே புத்தகத்தில் 13-ஆம் அதிகாரத்தில் மிருகம் கடலிலிருந்துதான் ஏறி வருகிறது. எழுதினவரோ பத்மு தீவில் இருக்கிறார், நாலு பக்கமும் தண்ணீர். ஆகவே அங்கே போவது அந்த அச்சம். உங்கள் வலை போகாது.

நம்பிக்கை வரவில்லையென்றால் எசேக்கியேல் தீர்க்கதரிசியின் புத்தகம் 47-ஆம் அதிகாரத்துக்குப் போங்கள். எனக்கு வேதாகமத்திலேயே பிடித்த தண்ணீர் அதுதான். அவர் கண்ட தரிசனத்தில் அது ஆலய வாசற்படியின் கீழிருந்து சின்னதாகக் கசிகிறது. ஆயிரம் முழம் போனால் கணுக்கால் அளவு, இன்னொரு ஆயிரம் முழத்தில் முழங்கால், அப்புறம் இடுப்பு, அப்புறம் நீந்தித்தான் கடக்க வேண்டும். வழியில் வேறு ஆறு வந்து சேர்ந்ததாக இல்லை, ஆனாலும் பெருகுகிறது. அது போய் விழுகிற இடம் சவக்கடல். சாதாரணக் கடலில் உப்பு நூற்றுக்கு மூன்றரை என்றால், அங்கே முப்பதுக்கும் மேல். மீன் பிழைக்காது. அந்தக் கடல் ஆரோக்கியமாகி, எங்கேதி முதல் எனெக்லாயிம் வரைக்கும் மீன்பிடிக்கிறவர்கள் கரையில் நிற்பார்கள், வலை விரிக்கிற இடமாகும் என்று எழுதியிருக்கிறது. தீர்க்கதரிசி கண்ட சொர்க்கம் ஒரு மீன்பிடி துறைமுகம்!

அடுத்த வசனம் இன்னும் விசேஷம். உளைச் சேறுகளும் சதுப்பு நிலங்களும் மட்டும் ஆரோக்கியமாகாமல் உப்பாகவே விடப்படும். சிலர் இதைச் சாபம் என்று வாசிக்கிறார்கள். எண்ணூர்ப் பக்கம் உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அப்படித் தோன்றாது. சாப்பாட்டுக்கும் பலிக்கும் உப்பு வேண்டும், அதற்கும் ஒரு ஓரம் ஒதுக்கி வைத்திருக்கிறார் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

வியாசர்பாடி வாலிபர்: தெளிப்பு ஞானஸ்நானம் செல்லுமா, முழுக்குதான் செல்லுமா?

இந்தச் சண்டையில் குடும்பங்கள் பிரிந்ததைப் பார்த்தவன் நான், அதனால் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். திடாக்கே என்ற மிகப் பழைய சபை ஒழுங்கு நூல் சொல்வது இது: ஓடுகிற நீரில் கொடுங்கள். இல்லாவிட்டால் வேறு நீரில். குளிர்ந்த நீர் முடியாவிட்டால் வெதுவெதுப்பான நீரில். அதுவும் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்றுங்கள். அந்தக் காலத்திலேயே தண்ணீர்ப் பஞ்சம் தெரிந்த யாரோதான் எழுதியிருக்க வேண்டும்.

ராயபுரம் சகோதரி: நாங்கள் கத்தோலிக்கர். வீட்டில் தீர்த்தம் வைத்திருப்பதை மூடநம்பிக்கை என்று பக்கத்து வீட்டு அல்லேலூயாக்காரர்கள் சொல்கிறார்கள்.

நான் புராட்டஸ்டண்டுக்காரன், எங்கள் வீட்டில் தீர்த்தம் இல்லை. ஆனால் கோவில் வாசலில் விரலை நனைத்துச் சிலுவை போட்டுக்கொள்வது உங்கள் திருமுழுக்கை, அதாவது ஞானஸ்நானத்தை, நினைத்துக்கொள்ளத்தான். ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவில் அந்த நீரை மந்திரிப்பதை, அதாவது ஜெபித்து ஆசீர்வதிப்பதை, ஒரு தடவை அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். நோய்க்கு மருந்து வேண்டாம், தீர்த்தம் போதும் என்று யாராவது சொன்னால் அப்போது சண்டை போடுங்கள்.

திருவொற்றியூர் ஆசிரியை: எங்கள் தெருவில் மூன்று வீட்டுக்கு "ரெகொபோத்" என்று பெயர். அர்த்தம் என்ன அங்கிள்?

ஆதியாகமம் 26. ஆபிரகாமின் மகன் ஈசாக்கு கிணறு தோண்டத் தோண்ட, கேராரூர் மேய்ப்பர்கள் இது எங்கள் தண்ணீர் என்று வாக்குவாதம் பண்ணுகிறார்கள். முதல் கிணற்றுக்கு ஏசேக்கு, அதாவது வாக்குவாதம். இரண்டாவது சித்னா, பகை. அவன் நின்று அடித்துக்கொள்ளாமல் நகர்ந்துபோய் மூன்றாவதைத் தோண்டுகிறான். சண்டை இல்லை. ரெகொபோத், விசாலமான இடம். மூன்று வீடும் ஒட்டிக்கொண்டு இருக்கிற தெருவில் அந்தப் பெயர் வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை.

அப்படியே பெயெர்செபா என்ற ஊர்ப் பெயரையும் பாருங்கள். "பெயெர்" என்றால் கிணறு, "செபா" ஏழு என்றும் ஆணை என்றும் பொருள்படும். புனித ஜார்ஜ் கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்க 1772-இல் நம் ஊரில் உருவானதும் ஏழுகிணறுதான்! தற்செயல்தான், பிரசங்கத்துக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

இன்னொருவர், ஊர் சொல்லவில்லை: ஜீவத்தண்ணீர் கொடுக்கிறவரே சிலுவையில் "தாகமாயிருக்கிறேன்" என்கிறாரே?

அந்த வாக்கியம் நாலு சுவிசேஷங்களில் யோவானில் மட்டும்தான் இருக்கிறது. கிணற்றடியில் "தாகத்துக்குத்தா" என்று கேட்டதும் அதே யோவானில்தான். முதலிலும் முடிவிலும் அவர் தண்ணீர் கேட்கிறவர். அப்புறம் விலாவில் குத்தினபோது இரத்தமும் தண்ணீரும் வந்தது. இதற்கு மேல் விளக்க எனக்குத் தைரியம் இல்லை.

தண்டையார்பேட்டை வாலிபர் சங்கம்: சபை வாசலில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். பேனரில் எந்த வசனம் போடலாம்?

மத்தேயு 10:42-இல் ஒரு கலசம் தண்ணீர் என்று மட்டும் இல்லை, குளிர்ந்த தண்ணீர் என்று இருக்கிறது. ஆகவே பானைக்கு அடியில் மணல் பரப்பி ஈரம் காயாமல் பாருங்கள், தினமும் சாயங்காலம் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். டம்ளரைச் சங்கிலி போட்டுக் கட்ட வேண்டாம், போனால் போகட்டும். பேனர் காசில் இன்னும் இரண்டு பானை வாங்கிவிடலாம்.