பிக்கப் வண்டியில் பாப்-அப் கேம்பர்: பட்டறைக்கு முன் எடை மேடை

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே பொருளைப் பற்றியவை. பிக்கப் வண்டியின் பின் தொட்டியில் உட்காரும் பெட்டி அது. ஓடும்போது கூரை தாழ்ந்திருக்கும். நிறுத்தியதும் கூரையை மேலே தள்ளினால் சுற்றிலும் துணிச்சுவர் விரியும்; உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், படுக்கலாம். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பழகிப்போன இந்தப் பாப்-அப் கேம்பரை ஏலகிரிக்கும் ஜவ்வாது மலைக்கும் கொண்டுபோக நம் பக்கத்திலும் பலர் ஆசைப்படுகிறார்கள். ஆசையில் தவறில்லை. விற்கிறவர்கள் சிலரிடம்தான் தவறு இருக்கிறது. கடிதங்களைச் சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: இசுசு வி-கிராஸ் பிக்கப் வைத்திருக்கிறேன். பின் தொட்டியை எடுத்துவிட்டு கேம்பர் பெட்டியை சேஸிஸோடு பற்றவைத்துத் தருவதாகப் பட்டறையில் சொல்கிறார்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சிக்கல் வருமா? — வாசகர், வாணியம்பாடி

வரும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களும் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) உள்ள விவரங்களும் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டில் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உரிமையாளருக்கு விதிக்கப்படலாம். உரிமையாளருக்கு என்பதைக் கவனியுங்கள். பற்றவைத்த பட்டறைக்காரர் உங்களோடு வந்து நிற்க மாட்டார்.

தொட்டியை வெட்டவே வேண்டாம். தொட்டிக்குள் இறக்கி, நான்கு மூலையிலும் டர்ன்பக்கிள் (திருகி இறுக்கும் கொக்கி) போட்டு இறுக்கி, ஊர் திரும்பியதும் ஜாக்கி வைத்து இறக்கிவிடும் வகையைப் பாருங்கள். அடியில் ரப்பர் விரிப்பு போட்டால் பெட்டி வழுக்காது. கரடுமுரடான பாதையில் டர்ன்பக்கிள் தளரும். சில கிலோமீட்டர் போனதும் இறங்கி மறுபடி இறுக்குங்கள். கழற்றக்கூடியது என்பதால் மட்டும் சட்டக் கேள்வி தீர்ந்துவிடாது. செய்வதற்கு முன் படத்தோடும் எடையோடும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மனுக் கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் மாற்றிய வண்டிக்கு விபத்து நேர்ந்தால், இழப்பீட்டை மறுக்க அவர்கள் தேடும் முதல் காரணம் அதுதான்.

கேள்வி: வெளிநாட்டில் பயன்படுத்திய கேம்பர் ஒன்று மலிவாக வருகிறது. என் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில் பொருந்துமா? நாளைக்குள் முன்பணம் கேட்கிறார்கள். — வாசகர், காட்பாடி

அமெரிக்க கேம்பர்கள் பெரும்பாலும் ஆறு, ஆறரை, எட்டு அடித் தொட்டிகளுக்குச் செய்யப்படுபவை. உங்கள் தொட்டி ஏறக்குறைய ஐந்து அடி. தொட்டிக்குள் புடைத்திருக்கும் சக்கர மேடுகள் இரண்டுக்கும் இடையிலான அகலத்தை அளந்தீர்களா? அளக்கவில்லை என்றால் நாளைக்குப் பணம் அனுப்பாதீர்கள். அவசரப்படுத்துகிறவரிடம் எந்த நாளிலும் அனுப்பாதீர்கள்.

கேள்வி: பின்பக்கம் இரண்டு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போட்டால் 800 கிலோ வரை ஏற்றலாம் என்கிறார் பட்டறைக்காரர். கேம்பரின் எடையைக் கேட்டால், பெரிதாக ஒன்றும் வராது என்கிறார். நம்பலாமா? — வாசகர், ஆற்காடு

நம்பாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மளிகைக் கடையில் கால் கிலோ புளி வாங்கும்போது தராசைப் பார்க்கிற நாம், லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கும் கேம்பருக்கு எடை கேட்பதில்லை. விற்பவரும் சொல்வதில்லை. எனக்கு வாசகர்கள் அனுப்பிய விலைப்பட்டியல்களில் மெத்தை உறையின் நிறம் இருக்கிறது, விளக்குகளின் எண்ணிக்கை இருக்கிறது. எடை எதிலும் இல்லை. வாங்குபவரின் உயிரோடு தொடர்புடைய ஒரே எண்ணை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் எழுதுகிறார்கள்.

உங்கள் ஆர்.சி.யை எடுங்கள். வெற்று எடை, மொத்த எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதுதான் உங்கள் வண்டி சுமக்க அனுமதி பெற்ற பாரம். ஓட்டுநர், உடன் வருபவர்கள், தண்ணீர், சாமான், கேம்பர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இப்போது பட்டறையின் பக்கம் கணக்குப் போடுவோம். 40 மி.மீ. சதுர இரும்புக் குழாய், 2 மி.மீ. தடிப்பு என்றால் அடிக்கு 700 கிராமுக்குக் குறையாது. 80 அடி போனால் ஏறக்குறைய 58 கிலோ. எட்டுக்கு நான்கு அடி, 12 மி.மீ. ப்ளைவுட் பலகை ஒன்று சுமார் 25 கிலோ. ஐந்து பலகைக்கு 125. வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியை வைத்தால் 50 கிலோவைத் தாண்டும். 40 லிட்டர் தண்ணீர் 40 கிலோ. இதுவே 270 கிலோவுக்கு மேல். கூரை, துணி, மெத்தை, குளிர்ப்பெட்டி, அடுப்பு எதையும் இன்னும் சேர்க்கவில்லை. பெரியவர்கள் இருவர் ஏறினால் 400 கிலோ. உங்கள் ஆர்.சி.யில் அவ்வளவு இடம் இருக்கிறதா?

ஸ்பிரிங் பட்டை கூட்டினால் வண்டியின் பின்பக்கம் தொங்காது. அவ்வளவுதான். அச்சு, பேரிங், பிரேக், சேஸிஸ் எதுவும் மாறுவதில்லை. இன்னும் மோசம், தொங்கல் தெரியாததால் பாரம் அதிகம் என்ற எச்சரிக்கையே உங்களுக்குக் கிடைக்காமல் போகிறது. பாரம் பின் அச்சுக்குப் பின்னால் தள்ளி உட்கார்ந்து, வண்டி குழியில் விழுந்து விழுந்து எழுந்தால், கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே சேஸிஸ் வளையும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அதிகப்படியான அந்தப் பாரத்தை முழுக்கத் தாங்குவது பிரேக். சூடேறிவிட்டால் மிதித்தாலும் பிடிக்காது. டயரின் பக்கவாட்டில் உள்ள பாரக் குறியீட்டு எண்ணையும் பாருங்கள். 112 என்று இருந்தால் அந்த ஒரு டயர் தாங்குவது 1,120 கிலோ. பார்வைக்கு முரட்டுத்தனமாக இருக்கிறது என்று எண் குறைந்த டயரை மாட்டிவிடாதீர்கள்.

ஆகவே, வேலை தொடங்கும் முன் எடை மேடைக்குப் போங்கள். முன் அச்சு, பின் அச்சு, மொத்தம் என மூன்று எடையும் போட்டுச் சீட்டு வாங்குங்கள். முடிந்ததும் மறுபடி போங்கள். ஒப்பந்தத் தாளில், முழுதும் கட்டி முடித்த கேம்பர் இத்தனை கிலோவைத் தாண்டினால் மீதிப் பணம் தரப்படாது என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். எழுத மறுப்பவருக்கு எடை தெரியாது என்று பொருள். தெரியாதவரிடம் வேலை கொடுக்காதீர்கள். மொத்த எடையைத் தாண்டிப் பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆவது பிரிவின்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாய் வீதம் தனி.

கேள்வி: பில் வேண்டாம் என்றால் ஜி.எஸ்.டி. மிச்சமாகும் என்கிறார்களே? — வாசகர், அரக்கோணம்

வாரண்டியும் போகும், வழக்குப் போடும் வழியும் குறுகும். பில் வாங்குங்கள்.

கேள்வி: என் கணவர் ஓய்வுபெற்ற பின் இருவரும் ஊர் சுற்ற ஆசைப்பட்டோம். வேறு மாவட்டத்துப் பட்டறைக்கு யு.பி.ஐ. மூலம் ஒன்றரை லட்சம் முன்பணம் அனுப்பினோம். இரண்டு மாதத்தில் தருவதாகச் சொன்னவர் ஓராண்டாக இழுத்தடிக்கிறார். இப்போது போனை எடுப்பதில்லை. அங்கே போய் வழக்காட எங்களுக்கு வலு இல்லை. — வாசகி, குடியாத்தம்

அம்மா, நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 உங்களுக்காகவே ஒரு வழியைத் திறந்துவைத்திருக்கிறது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். அவர் வேலூருக்கு வந்து பதில் சொல்ல வேண்டும். 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருள், சேவை பற்றிய புகார்களை மாவட்ட நுகர்வோர் ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். ஓராண்டு ஏற்கெனவே போய்விட்டது. இனி அவர் சொல்லும் தேதிகளுக்குக் காத்திருக்காதீர்கள்.

முதலில், 15 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தரும்படி ஸ்பீட் போஸ்ட்டில், சேர்ந்ததற்கான சான்றோடு ஒரு கடிதம் அனுப்புங்கள். பணம் அனுப்பிய விவரத்தை வங்கிக் கணக்கு அறிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய வடிவப் படங்கள், "அடுத்த வாரம்" என்று எழுதிய செய்திகள், குரல் பதிவுகள் எதையும் அழிக்காதீர்கள். போனை மாற்றுவதாக இருந்தால் முதலில் அவற்றை வேறு இடத்தில் சேமியுங்கள். இதற்கிடையே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். சில பட்டறைகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கிவருவது உண்டு. அசலோடு வட்டியும், பட்ட மன உளைச்சலுக்கு இழப்பீடும் கேளுங்கள். கேட்கத் தயங்காதீர்கள். விசாரித்ததில் அப்படி ஒரு பட்டறையே இல்லை என்று தெரிந்தால் அது மோசடி. உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் சொல்லிவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

நம்பிப் பணம் கொடுத்ததற்காக உங்களை யாராவது குறை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். வாக்குக் கொடுத்துப் பணம் வாங்கியவர்தான் குற்றவாளி.

கேள்வி: கேம்பருக்குள் இண்டக்‌ஷன் அடுப்பு வைக்கலாமா? 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி வாங்கியிருக்கிறேன். — வாசகர், ராணிப்பேட்டை

12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்றால் 1,280 வாட்-மணி. 2,000 வாட் அடுப்பை முழு வேகத்தில் வைத்தால் 40 நிமிடம்கூட வராது. அதோடு 160 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சிறிய பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று அதற்கு முன்பே துண்டித்துவிடும். விளக்கு, மின்விசிறி, சிறிய கம்ப்ரசர் குளிர்ப்பெட்டி ஆகியவற்றுக்கு அந்தப் பேட்டரி போதும். பாசிட்டிவ் முனைக்கு மிக அருகில் ஃபியூஸ் போடச் சொல்லுங்கள். மற்றோர் ஓரத்தில் ஃபியூஸ் இருந்து, நடுவில் கம்பி உரசித் தேய்ந்தால் தீப்பிடிப்பதை எதுவும் தடுக்காது.

வாங்கிய பேட்டரியை இன்றே தராசில் வையுங்கள். உண்மையான 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 10 கிலோவுக்கு மேல் இருக்கும். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் நான் வாங்கியதில் 100 என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். எடை ஆறு கிலோ சொச்சம். சோதித்ததில் பாதி திறன்தான் இருந்தது. பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். ஒட்டிய தாளில் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், எடையை அச்சடித்து ஏற்ற முடியாது. ப்ளைவுட்டுக்கும் இதே எச்சரிக்கை: ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ப்ளைவுட் கேளுங்கள். ஐ.எஸ். 303-இன் சாதாரண எம்.ஆர். ரகம் (ஈரத்தை ஓரளவே தாங்குவது) மழையில் பிரிந்துவிடும்.

கேள்வி: வீட்டு கேஸ் சிலிண்டரையே கேம்பரில் வைத்துக்கொள்கிறேன். குளிருக்கு அடுப்பை எரியவிட்டுத் தூங்கலாம் அல்லவா? — வாசகர், திருப்பத்தூர்

கூடவே கூடாது. மூடிய இடத்தில் எரியும் அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. தூக்கத்திலேயே உயிர் போகும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். மேலே சன்னல் திறந்திருப்பதால் பயனில்லை, தரை மட்டத்தில் துளை வேண்டும். வீட்டு உபயோகச் சிலிண்டரை வேறு வேலைக்குப் பயன்படுத்துவதும் சட்டப்படி தவறு. 5 கிலோ சிலிண்டர் அடையாள அட்டை காட்டினால் தனியாகக் கிடைக்கிறது. அதை வாங்கி வண்டிக்கு வெளியே வைத்துச் சமையுங்கள். இவ்வளவு அடிப்படையான விஷயத்தை விசாரிக்காமல் குடும்பத்தோடு கிளம்புவது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

கேள்வி: ஜவ்வாது மலையில் காட்டுக்குள் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தித் தங்கலாமா? — வாசகர், போளூர்

காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். வனத்துறையிடம் கேளுங்கள், அல்லது ஜமுனாமரத்தூர்ப் பக்கம் நிலத்துக்காரரின் சம்மதத்தோடு அவர் இடத்தில் நிறுத்துங்கள்.

கேள்வி: கேம்பர் தயாராகிவிட்டது. அடுத்த வாரம் எடுக்கிறேன். துணிச்சுவர் வேலூர் வெயிலையும் ஐப்பசி மழையையும் தாங்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? — வாசகி, வேலூர்

நல்ல நேரத்தில் கேட்டீர்கள். மீதிப் பணம் இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. மாலையில் போங்கள். இருட்டியதும் கூரையை உயர்த்தி, உள்ளே பளிச்சென்ற விளக்கைப் போட்டுவிட்டு வெளியே நின்று பாருங்கள். தையல் வரிசையில் ஊசித்துளைகள் புள்ளி புள்ளியாக ஒளிரும். பருத்தி கான்வாஸ் என்றால் முதல் நனைவில் நூல் ஊதித் துளைகள் அடைபடும். பி.வி.சி. பூசிய துணி அப்படி ஊதாது. தையலின் மேல் உட்புறம் பட்டை ஒட்டியிருக்க வேண்டும். நகத்தால் அந்தப் பட்டையின் ஓரத்தை நெம்பிப் பாருங்கள், உரிந்து வந்தால் மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். பிறகு குழாய் வைத்து அரை மணி நேரம் தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள். மேல் மூலைகளில்தான் முதலில் ஒழுகும். உள்ளே உட்கார்ந்து அந்த நான்கு மூலையையும் கையால் தடவுங்கள்.

வெயிலுக்குத் துணியால் பெரிதாகப் பயனில்லை. கூரைதான் காக்க வேண்டும்: வெளியே வெள்ளைப் பூச்சு, உள்ளே பஃப் தகடு (வெப்பம் தடுக்கும் நுரைத் தகடு), எதிரெதிர்ப் பக்கத்தில் வலை போட்ட சன்னல். ஈரத்தோடு மடித்து வைத்த துணி பூஞ்சை பிடிக்கும், வீடு வந்ததும் விரித்து உலர்த்துங்கள். மூலைகள் காய்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்து, எடை மேடைச் சீட்டும் கைக்கு வந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.