செல்போன் அக்கா பதில்கள்: பெட்டியின் பின்பக்கம்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வர்த்தில் 18 வருடமாகப் பழுது பார்க்கும் மேஜை போட்டிருக்கிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே ரகம். யாரோ வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த போன், இங்கே சிம் போட்டதும் சண்டித்தனம். டிசம்பர் விடுமுறை முடிந்தாலே இப்படித்தான். சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: அக்கா, தம்பி கல்யாணப் புடவை எடுக்கச் சென்னைக்குப் போனபோது எனக்கு ஒரு போன் வாங்கி வந்தான். வோடகாம் சிம் போட்டிருக்கிறேன். முற்றத்தில் நின்றால் 4ஜி பறக்கிறது. பின்கட்டுச் சமையலறைக்குள் வந்தால் ஒரு கோடுகூட இல்லை. என் கணவருக்கும் வோடகாம்தான். அதே சமையலறையில் உட்கார்ந்து அவர் யூடியூப் பார்க்கிறார். என் போன் டூப்ளிகேட்டா?
(வாசகி, ஃபீனிக்ஸ்)

பதில்: முதலில் உங்கள் சிம்மைக் கழற்றி அவர் போனில் போடுங்கள், அவருடையதை உங்கள் போனில். இதற்குக் காசு செலவில்லை. என் மேஜைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் செய்யச் சொல்வதும் இதுதான். சமையலறையில் உங்கள் சிம் அவர் போனில் ஓடி, அவர் சிம் உங்கள் போனில் படுத்துவிட்டால், சிம்மிலும் டவரிலும் குறையில்லை. போன்தான் காரணம். அதற்காக டூப்ளிகேட் என்று தம்பியைத் திட்டிவிடாதீர்கள். அது அசல் போனாகவே இருக்கும். என்ன, இந்தியாவுக்காகச் செய்த போன்.

போனுக்குள் இருக்கும் ரேடியோ எல்லா அலைவரிசையையும் பிடிக்காது. ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஒரு எண் உண்டு, அதைத்தான் பேண்ட் என்கிறார்கள். எந்த நாட்டில் விற்கப் போகிறார்களோ, அந்த நாட்டு டவர்களுக்கு வேண்டியதை மட்டும் வைத்துவிட்டு மற்றதில் மிச்சம் பிடிப்பார்கள். விலை குறையக் குறைய இந்தச் சிக்கனம் கூடும். இந்தியாவில் விற்கும் மலிவு போன்களின் விவரப் பட்டியலில் 4ஜி என்ற வரியைப் பார்த்தால் பெரும்பாலும் பேண்ட் 1, 3, 5, 8, 40, 41 என்று இருக்கும். இதில் 1, 3, 8 மூன்றும் இங்கேயும் ஓடுகிறவை. அதனால்தான் முற்றத்தில் பறக்கிறது.

சமையலறைக்கு வேண்டியது வேறு. 2022 மார்ச்சில் தொலைத்தொடர்பு ஆணையமான இக்காசா நடத்திய அலைவரிசை ஏலம் நினைவிருக்கிறதா? மொத்தம் 1,440 கோடி ராண்ட் வசூலானது. அதில் செல்போன் கம்பெனிகளில் வோடகாமும் ரெயினும் 700 மெகாஹெர்ட்ஸில் இடம் வாங்கின. எம்டிஎன்னும் டெல்காமும் 800 மெகாஹெர்ட்ஸில் வாங்கின. பல வருடம் டிவி ஒளிபரப்பு பிடித்து வைத்திருந்த இடம் அது. இந்தத் தாழ்ந்த அலைகளுக்கு இரண்டு குணம்: தூரம் போகும், செங்கல் சுவரைத் தாண்டி உள்ளே வரும். போன் பெட்டியில் 700க்குப் பேண்ட் 28 என்றும், 800க்குப் பேண்ட் 20 என்றும் எழுதியிருப்பார்கள். பேண்ட் 20 இந்தியாவில் புழக்கத்திலேயே இல்லை. 700ஐ அங்கே ஜியோ அதே 2022இல் 5ஜிக்காக வாங்கியது. ஆகவே பல மலிவு போன்களின் 4ஜி வரியில் 20ம் இருக்காது, 28ம் இருக்காது. உங்கள் கணவர் போன் இங்கே கடையில் வாங்கியதென்றால் அதில் இருக்க வாய்ப்பு அதிகம்.

உறுதிப்படுத்த, பெட்டியின் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் எண்ணைப் பாருங்கள். முன்பக்கத்தில் பெரிதாக அச்சிட்ட பெயர் இதற்கு உதவாது. ஒரே பெயரில் இந்தியாவுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்று, சீனாவுக்கு ஒன்று என்று விற்கிறார்கள். எழுத்தும் எண்ணும் கலந்த அந்த மாடல் எண்ணை அப்படியே கம்பெனி இணையதளத்தில் தேடினால் பேண்ட் பட்டியல் கிடைக்கும். பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டீர்களா? (எல்லாரும் எறிகிறார்கள். நானும் எறிந்தவள்தான்.) செட்டிங்ஸில் "அபௌட் போன்" பகுதியிலும் அதே எண் இருக்கும்.

இல்லாத பேண்டை எந்தக் கடைக்காரரும் ஏற்றித் தர முடியாது. சாஃப்ட்வேர் போட்டால் வந்துவிடும் என்று யாராவது 300 ராண்ட் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வீட்டில் ஃபைபர் இருந்தால், டவர் இல்லாமல் வைஃபை வழியாகப் பேசும் வைஃபை காலிங்கைப் போட்டுப் பாருங்கள். ஆனால் அந்த வசதியை மாடல் பார்த்துத்தான் திறந்துவிடுகிறார்கள். வெளிநாட்டு மாடலில் அந்தப் பொத்தானே தெரியாமல் போகலாம்.

இன்னொன்று சொல்கிறேன். டெல்காமின் 4ஜி பேண்ட் 40இல், அதாவது 2300 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஜியோவும் ஏர்டெல்லும் அதே பேண்டைப் பயன்படுத்துவதால் சென்னைப் போன்களில் அது தவறாமல் இருக்கும். அதனால் இரண்டாவது சிம்மாக டெல்காம் போட்டால் டேட்டா நன்றாகவே ஓடும், முற்றத்தில். சமையலறைக்கு அதுவும் வராது. அந்த அலைக்குச் சுவர் என்றாலே அலுப்பு.

உங்கள் கணவர் பகலெல்லாம் வெளியே இருக்கிறவர் என்றால் போன்களை மாற்றிக்கொள்வதுதான் மலிவான வழி. சண்டை வந்தால் என் பெயரை இழுக்காதீர்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகன் தன் பழைய ஐபோன் 14ஐ அனுப்புகிறேன் என்கிறான். அதில் சிம் போடும் ஓட்டையே இல்லையாமே? இங்கே வேலை செய்யுமா?
(வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: அவன் சொல்வது சரிதான். 2022இல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்பதில் சிம் தட்டு கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். இங்கே வோடகாமிலும் எம்டிஎன்னிலும் இ-சிம் வாங்கலாம். இ-சிம்தானே என்று அடையாள அட்டையையும் முகவரிச் சான்றையும் வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். சிம் வாங்குகிறவரின் விவரத்தைப் பதியும் ரீகா பதிவு அதற்கும் உண்டு.

பேண்ட் விஷயத்தில் ஐபோனுக்காக அதிகம் கவலைப்பட வேண்டாம், அதில் தாராளமாகவே வைத்திருப்பார்கள். நான் பயப்படுவது பூட்டுக்கு. அமெரிக்காவில் தவணையில் வாங்கிய போன், கடன் தீரும்வரை அந்தக் கம்பெனி சிம்மை மட்டும்தான் ஏற்கும். பார்சல் கட்டுமுன் மகனை செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் என்று போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். "கேரியர் லாக்" என்ற வரிக்கு எதிரே சிம் கட்டுப்பாடு இல்லை என்று காட்ட வேண்டும். அந்த வரியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "அதெல்லாம் சரியாத்தான் இருக்கும்ப்பா" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

இதை இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் என் பட்டறிவு. சில வருடங்களுக்கு முன் ஒரு வியாபாரியிடம் அமெரிக்காவிலிருந்து வந்த பத்து ஆண்ட்ராய்டு போன்களை மொத்தமாக வாங்கினேன். பளபளவென்று இருந்தன, விலையும் பாதி. எந்த சிம்மைப் போட்டாலும் அவசர அழைப்பு மட்டும் என்றே காட்டின. நான்கு போன்களின் பூட்டைக் காசு கொடுத்துத் திறந்தேன். திறந்த பிறகுதான் பேண்ட் வரியைப் பார்த்தேன்: 2, 4, 12 என்று முழுக்க அந்த ஊர்க் கணக்கு. இங்கே ஒரு டவர்கூட அந்த 4ஜி பேசாது. வியாபாரியின் எண் அதற்குள் மாறிவிட்டது. மூன்றை என் பிள்ளைகள் வைஃபையில் விளையாடித் தீர்த்தார்கள். மீதி ஏழும் இன்னும் மேஜை இழுப்பறையில் கிடக்கின்றன.

இங்கிலாந்தில் உறவு இருந்தால் அங்கிருந்து வரவழைப்பது இதைவிடப் பத்திரம். 2021 டிசம்பருக்குப் பிறகு அங்கே பூட்டிய போன் விற்கவே தடை. சாம்சங் பெட்டியில் ஒரு நாட்டுப் பட்டியலோடு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் பயப்படாதீர்கள். அது வட்டாரப் பூட்டு. வாங்கிய நாட்டு சிம்மைப் போட்டு அங்கேயே ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசிவிட்டு எடுத்து வந்தால் பிரச்சினை இல்லை. பரிசு என்று பெட்டியைப் பிரிக்காமல் கொண்டு வந்தால்தான் வம்பு.

கேள்வி: எங்கள் ஆயாவுக்கு 82 வயது. பழைய பொத்தான் நோக்கியாதான் வேண்டும் என்கிறார். 2ஜி, 3ஜி எல்லாம் மூடப் போகிறார்கள் என்கிறார்களே, இப்போதே மாற்ற வேண்டுமா?
(பேத்தி, டோங்காட்)

பதில்: நாளைக்கே நின்றுவிடாது. 2027 முடிவுக்குள் இரண்டையும் மூடுவது என்று அரசு வைத்திருக்கிறது. அதுவரை ஆயா நிம்மதியாகப் பேசட்டும். மாற்றும்போது 4ஜி பொத்தான் போனாக வாங்குங்கள். தொடுதிரையை அவர் கையில் திணிக்க வேண்டாம். பொத்தானிலேயே 4ஜி வருகிறது.

ஆனால் பெட்டியில் 4ஜி என்று இருந்தால் மட்டும் போதாது. 4ஜி வழியாகவே குரல் போக வேண்டும். அதைத்தான் வோல்டீ என்கிறார்கள். அது இல்லாத போன், நீங்கள் கால் செய்தவுடன் சத்தமில்லாமல் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிப் பேசிவிட்டு, முடிந்ததும் மேலே ஏறிக்கொள்ளும். இன்று யாரும் கவனிப்பதில்லை. அந்த இரண்டும் மூடிய பிறகு இறங்க இடம் இருக்காது: வாட்சப் ஓடும், சாதாரணக் கால் போகாது. அமெரிக்காவில் 2022இல் 3ஜியை மூடியபோது நல்ல நிலையில் இருந்த எத்தனையோ போன்கள் இப்படி ஊமையாயின.

சோதிக்க ஒரே ஒரு கால் போதும். வைஃபையை அணைத்துவிட்டு யாருக்காவது போன் செய்யுங்கள். பேசிக்கொண்டே திரையின் மேல்மூலையைப் பாருங்கள். 4ஜி என்பது அப்படியே நின்றால் நல்லது. எச் என்றோ 3ஜி என்றோ ஈ என்றோ மாறினால் வோல்டீ ஓடவில்லை. முதலில் செட்டிங்ஸில் அது அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே அந்தப் பொத்தானே இல்லையென்றால் உங்கள் நெட்வொர்க் அந்த மாடலை ஏற்கவில்லை. இந்தப் பரிசோதனையை ஆயா போனுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். போன வாரம் 14,000 ராண்ட் போன் ஒன்று என் மேஜையில் இதில் தோற்றது.

ஊரிலிருந்து ஜியோபோன் கொண்டு வந்து ஆயாவுக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அது ஜியோ சிம்மோடு பூட்டியது.

கேள்வி: ரெயின் சிம்முக்கு மாறலாமா? டேட்டா கட்டுப்படியாகிறது.
(வாசகர், லெனேசியா)

பதில்: மேலே சொன்ன கால் பரிசோதனையில் உங்கள் போன் தேறட்டும், அப்புறம் யோசியுங்கள். ரெயினுக்கு 2ஜி, 3ஜி டவர் என்று எதுவும் கிடையாது. வோல்டீ சரியாக இல்லாத போன் அங்கே பேச முடியாது. மாறும் முன் உங்கள் மாடல் அவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: நண்பனின் எண் 084இல் தொடங்குகிறது. ஆனால் அவன் எம்டிஎன் டவரில் ஓடுகிறது என்கிறான். கதை விடுகிறானா?
(வாசகர், சாட்ஸ்வர்த்)

பதில்: இல்லை. 084 செல் சி என்ற கம்பெனிக்குக் கொடுத்த எண் வரிசைதான். ஆனால் 2006 நவம்பரிலிருந்து எண்ணை மாற்றாமலே கம்பெனி மாறலாம். அவன் செல் சியிலேயே இருந்தாலும் அவன் சொல்வது சரியாக இருக்கலாம். செல் சி தன் சொந்த டவர் வலையை விட்டுவிட்டு, ப்ரீபெய்ட்காரர்களை எம்டிஎன் டவர்களிலும் கான்ட்ராக்ட்காரர்களை வோடகாம் டவர்களிலும் ஓட்டுகிறது. ஒரே பெயர், ஒரே கம்பெனி, ஆனால் உங்களுக்கு ஓடும் டவர் வேறு, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஓடும் டவர் வேறு. ஆகவே "செல் சிக்கு எந்த போன் நல்லது" என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது: கான்ட்ராக்டா, ப்ரீபெய்டா?

கேள்வி: ஹுவாவே போன் விலை குறைவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? 2,500 ராண்டுக்குள் இங்கே வேறு நல்லது உண்டா?
(மாணவர், டர்பன்)

பதில்: ஹுவாவேயில் சிக்னலுக்குக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2019 மே மாத அமெரிக்கத் தடைக்குப் பிறகு வந்த பெரும்பாலான மாடல்களில் கூகுள் சேவைகள் இல்லை. உங்கள் வங்கிச் செயலி அவர்களுடைய ஆப் கேலரியில் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். 2,500 ராண்டுக்குள் என்றால் இங்கேயே வாங்குங்கள். அந்த விலைக்குள் வரும் ஸ்மார்ட்போன்களுக்கு இருந்த 9 சதவீத ஆடம்பர வரியை 2025 ஏப்ரல் 1 முதல் எடுத்துவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்து மிச்சம் பிடிக்க இப்போது பெரிதாக ஒன்றுமில்லை. இங்கே விற்பதில் 20, 28 இரண்டும் இருக்கிறதா என்று மட்டும் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்.

கேள்வி: நல்ல வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோவிலில் என் போனில் முழுக் கோடு காட்டியது. ஆனால் ஒரு போட்டோகூடப் போகவில்லை. போனை மாற்ற வேண்டுமா?
(வாசகி, வெருலம்)

பதில்: வேண்டாம். கோடு காட்டுவது டவர் உங்கள் போனுக்கு எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதை மட்டும்தான். டவரில் இடம் இருக்கிறதா என்பதை அது சொல்லாது. ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் அம்மனைப் படம் பிடித்து அனுப்பினால் எந்தப் போனானாலும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். கோவிலை விட்டுப் பெரிய சாலைக்கு வந்ததும் போட்டோ போயிருக்குமே?